கோரைக்காட்டுக் கல்யாணம்

பரமத்தி வேலூர் பக்கம், காவிரிக்கரையில், சாரதாமணிக்கும் சண்முகவேலுக்கும் ஒன்றரை ஏக்கர் கோரை. பாய் நெய்யப் போகும் கோரை. அறுப்புக்கு முன்னால் மடையை அடைத்துச் சேற்றைக் காயவிட வேண்டும். சண்முகவேலும் காலைதோறும் மடையை அடைத்தார். காடு காயவே இல்லை.

"நண்டு வளை தோண்டியிருக்கும் புள்ள."

"இருக்குமுங்க."

மதியம் மடையைத் திறந்துவிடுகிறவள் சாரதாமணிதான்.

பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். இருபத்தாறு வருடமாகக் கோரை அறுத்து, காயவைத்து, கட்டிச் சுமந்தவள். சுமையோடு குனிந்தே நடந்ததாலோ என்னவோ, தரையில் நடக்கும் பறவை எதுவும் அவள் கண்ணுக்குத் தப்பாது. போன வருடம், மயில் உள்ளான் என்ற சேற்றுப் பறவைகளில் நிறத்தழகு கொண்ட ஒன்று கோரைக்குள் முட்டையிட்டுவிட்டுப் போக, மங்கலான இன்னொன்று வந்து அடைகாத்ததைப் பார்த்தாள். அழகி பெட்டை, அடைகாப்பவன் சேவல்! இந்த வருடமும் ஒரு ஜோடி வந்திருந்தது. அழகி சேவலை மயக்குவதைப் பார்த்தே தீர வேண்டும். சேறு காய்ந்தால் ஜோடி பறந்துவிடும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கையும் மண்ணுமாகப் பிடிபட்டாள்.

"ஏம் புள்ள, கிறுக்கா உனக்கு? நாளான்னிக்கு அறுப்புக்கு ஆளு வாராங்க!"

"கத்தாதீங்க. இப்படிக் குக்குங்க."

வேட்டி சேற்றில் தோய, அவர் முணுமுணுத்துக்கொண்டே குந்தினார். வெறும் பாட்டிலுக்குள் ஊதுவதுபோல ஒரு கூவல். கோரைக்குள்ளிருந்து செம்பழுப்புக் கழுத்தும் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுமாக அவள் வந்தாள். சேவலுக்கு எதிரே நின்று இரண்டு சிறகையும் முன்னால் விரித்து வளைத்தாள். சிறகு முழுக்கப் பொன்புள்ளிகள். வாலையும் விசிறியாக்கினாள்.

"அடேயப்பா! சேவலு என்னமா ஆடுது!"

"ஆடறது பொட்டைங்க. அந்தா, மண்ணு மாதிரி நிக்குதே, அதுதான் மாப்பிள்ளை. முட்டையைக் காக்கறதும் அவருதான்."

சண்முகவேல் மாப்பிள்ளையை இரக்கத்தோடு பார்த்தார். அவருடைய போன் அதிர்ந்தது. அறுப்பு மேஸ்திரி பாலசுந்தரம்.

"மேஸ்திரி, அடுத்த மாசம் வாங்க" என்றார் கிசுகிசுப்பாக.

"ஏனுங்க, கொரலே வரலை? ஊட்டுல யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லீங்களா?"

"இல்லீங்க. கல்யாணம்."

"யாரு கல்யாணம்? எனக்குப் பத்திரிகையே வரலை!"

சாரதாமணி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். மங்கல் மாப்பிள்ளை ஓரடி எடுத்து வைத்தது.