முதுகு காட்டிய பொம்மைகள்

"பொம்மை மூச்சு விட்டுச்சுடி," என்றாள் பொம்மலாட்டம் பார்த்துவிட்டு வந்த அக்கா, செருப்பைக்கூடக் கழற்றாமல். தங்கைக்கு அந்தப் பேச்சு இன்றும் அப்படியே நினைவிருக்கிறது.

"மரத்துக்கு ஏதுக்கா மூச்சு?" தங்கை தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"அதான் தெரியல. ஒரே ஒரு பொம்மை. தலைக்கு ஒருத்தர், கைக்கு ஒருத்தர், காலுக்கு ஒருத்தர். ஒளிஞ்சுகூட நிக்கல, நம்ம கண்ணு முன்னாடியே நிக்கறாங்க."

"ஒரு பொம்மைக்கு மூணு ஆளா? இங்க மூணு ஆளு வேலைய நான் ஒருத்தி செய்யறேன்."

"கேளுடி. அவங்க எங்களப் பாக்கவே இல்ல, பொம்மையவே பாத்தாங்க. அதனால நாங்களும் அதையே பாத்தோம். அது ஒரு கடிதத்த எடுக்கப் போச்சு. கை பாதி வழியில நின்னுடுச்சு. அரங்கமே மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு."

ஊர் ஊராகப் போய்ப் பேர் வாங்கிய குழு அது. இங்கே இரண்டே நாள் ஆடியது. அக்கா அந்தப் பாதி வழிக் கையோடுதான் வீடு திரும்பியிருந்தாள்.

துணிக்கடையின் கண்ணாடி ஜன்னலில் பொம்மைகளுக்கு உடுத்திவிடுவது அவள் வேலை. காலுறையோடு, மணிக்கட்டில் குண்டூசிப் பட்டையோடு, மீன்தொட்டிக்குள் நடப்பவள்போல் ஓசையின்றி நடப்பாள். பதினான்கு வருடமாகப் பொம்மைகள் பள்ளிப் புகைப்படம்போலத் தெருவைப் பார்த்தே நின்றன. அந்தத் திங்கட்கிழமை இரண்டைத் திருப்பி, மூன்றாவதைப் பார்க்க வைத்தாள். மூன்றாவது தலை தாழ்த்தித் தன் சட்டைக் கையின் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தது.

முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டார். "என்னம்மா இது, ரெண்டு பேரு முதுகக் காட்டிக்கிட்டு வம்பு பேசறாங்க? கஸ்டமர யாரு கூப்பிடறது?"

"கூப்பிடாம இருந்தாதான் சார் எட்டிப் பாப்பாங்க."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் பாக்கறேன். யாரும் நிக்கலைன்னா ஜன்னல வேற ஆளுகிட்ட குடுத்துடுவேன். நீ உள்ள துணி மடிச்சுக்கிட்டு இரு."

மூன்று நாள் ஒருவரும் நிற்கவில்லை. வியாழக்கிழமை மதியம்தான் அக்காவுக்குப் பிழை பிடிபட்டது. பொம்மையின் விரல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேலை முடிந்துவிட்டது, பார்ப்பவருக்கு மிச்சம் ஒன்றுமில்லை. கையை இரண்டு விரற்கடை பின்னுக்கு இழுத்தாள். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை தங்கை சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தபோது, முதலாளி தெருவில் நின்று கண்ணாடியை முறைத்துக்கொண்டிருந்தார். "இதெல்லாம் எடுபடாது," என்று முணுமுணுத்தபடியே தன் சட்டைக் கையின் பொத்தானைப் போட்டார். பக்கத்தில் பையோடு நின்றுவிட்ட பெண்ணின் விரல்களும் தன் மணிக்கட்டுக்குப் போயின. கண்ணாடியில் வெயில் நீர்போல அசைந்தது. உள்ளே நான்கு உருவங்கள். அவற்றில் எது அக்கா என்று ஒரு கணம் தெரியவில்லை.

"சரி, இருந்துட்டுப் போகட்டும்," என்று அவர் உள்ளே போனார்.

சாயங்காலம் தங்கை இதைச் சொன்னபோது அக்கா சிரிக்கவில்லை. குண்டூசிப் பட்டையைக் கழற்றியபடியே சொன்னாள்:

"உள்ள இருந்து பாத்தா எனக்கு வெயில் மட்டும்தான் தெரியுது. இனிமே ஜன்னல் மாத்தற அன்னிக்கு எதிர்ப்பக்கம் வந்து நில்லேன்டி. பொம்மையப் பாக்காத. நிக்கறவங்க கை எங்க போகுதுன்னு மட்டும் பாத்து வந்து சொல்லு."