தேர் எங்கயும் போவாது

அந்தக் குரல் உங்களுக்கும் பழக்கமாகத்தான் இருக்கும். "நீங்கள் அழைத்த எண் தற்போது அணைத்து வைக்கப்பட்டுள்ளது." போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ராஜகோபுரத்துக்கு எதிரே நின்றுகொண்டு அதை ஏழு முறை கேட்டேன். கீழ்பென்னாத்தூரில் பஸ் ஏறிய அம்மாவைக் காணோம். அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருந்தது. அன்றைக்கு டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆபீஸில் ஒரு கோப்பு இழுத்தடித்ததில் நான் வந்து சேர அரை மணி நேரம் தாமதம். எங்கள் வம்சத்திலேயே பள்ளிக்கூடம் முடித்து, அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல இடம் கிடைத்தால் விடமாட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையிலேயே போனில் தெளிவாகச் சொல்லியிருந்தேன். "ஆட்டோ புடிச்சி தேரடில எறங்கிக்கோம்மா. கோபுரத்துக்கு எதிர்ல 'பக்தர்கள் தகவல் மையம்'னு பச்ச போர்டு இருக்கும். அதுக்குக் கீழயே நில்லு."

"சரி கண்ணு" என்றாள்.

பச்சை போர்டுக்குக் கீழே ஒரு வெளியூர்க் குடும்பம் புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தது. நல்லெண்ணெயும் புளியும் கலந்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் எனக்கு உறைத்தது. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவளைப் போய் ஒரு போர்டைத் தேடி நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

புளிசாதம் கட்டிக்கொண்டுதான் நாங்களும் இங்கே வருவோம். அம்மாவின் தேரடியில் எழுத்தே கிடையாது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஜட்கா வண்டிகள் நிற்குமாம். குதிரைச் சாணி நாற்றம் வந்தால் கோயில் வந்துவிட்டது என்று கணக்கு. என் காலத்தில் குதிரை இல்லை. குழாயடி இருந்தது, எப்போதும் நாலு பேர் கால் கழுவிக்கொண்டிருப்பார்கள். வேப்பமரம் இருந்தது, அதன் கீழே சர்பத் வண்டி. மஞ்சள் எழுத்து போட்ட டெலிபோன் பூத் இருந்தது. அந்த எழுத்தைக் கூட்டிப் படித்துக் காட்டித்தான் அம்மாவிடம் முதல்முதலாக ஒரு சர்பத் சம்பாதித்தேன். குழாயடியில நில்லு, மரத்தடியில நில்லு என்று யாரிடம் சொன்னாலும் போதும், ஆள் அங்கே இருப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே பெரிய தேர். தகரத்தைப் போர்த்திக்கொண்டு வருஷம் முழுக்க நிற்கும். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லுவாள்: "கூட்டத்துல கைய வுட்டுட்டா அழுவாத. பெரிய தேர்கிட்டப் போயி நில்லு. அது எங்கயும் போவாது."

எனக்கு ஏழு வயதில் கை விட்டுப்போனது. அது தேர்த்திருவிழா அன்று.

அம்மா சொன்னபடியே அழவில்லை. பெரிய தேர்கிட்டப் போய் நின்றேன். அது கிளம்பிவிட்டது. சக்கரத்துக்குக் கட்டை போடுகிற ஆள், "ஏ பாப்பா, தள்ளிப் போ!" என்று விரட்டினார். தள்ளிப் போனேன், ஆனால் தேரை விடவில்லை. அது நின்றால் நின்றேன், நகர்ந்தால் நடந்தேன். மேற்கு வீதியில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் என்னைப் பிடித்து நிறுத்தினாள்.

"யாரு கூட வந்த பாப்பா?"

"தேர் கூட."

அவள் சிரித்துவிட்டு ஒரு தம்ளர் மோர் கொடுத்தாள். அப்படியே நான்கு வீதியும் சுற்றினேன்.

அம்மா தேரடியில், தேர் நின்ற வெற்றிடத்தில் நின்றிருக்கிறாள். பக்கத்தில் இருந்தவர்கள், "மைக்குல சொல்லுங்கம்மா, புள்ள பேரச் சொல்லிக் கூப்புடுவாங்க" என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறார்கள். "தேர்கிட்ட நிக்கச் சொல்லிக்கிறேன். தேர் வந்தா புள்ள வரும்" என்று இடத்தை விட்டு அசையவில்லை. சாயங்காலம் தேர் நிலைக்கு வந்தது, நானும் வந்தேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு. "நல்லா ஊரு சுத்துனியாடி?" என்று கேட்டுவிட்டு ஓவென்று அழுதாள். பெண்கள் இழுக்கிற அம்மன் தேருக்கு வடம் பிடிப்பதாக வேண்டிக்கொண்டு வந்தவள், அதைப் பிடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

இந்தக் கதையை ஆபீஸில் எத்தனையோ தடவை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை சிரிப்பு வரவில்லை. குழாயடி இருந்த இடத்துக்கு ஓடினேன். பளபளவென்று கல் பதித்திருந்தார்கள். வேப்பமரம் இருந்த இடத்தில் வானுயர விளக்குக் கம்பம். பூத் இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கும் கடை. மூன்று பக்கமும் ஸ்கூட்டர்கள் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பின. பக்கத்தில் வந்தால்தான் அம்மாவுக்கு வண்டி தெரியும்.

பூ விற்கும் பெண்ணிடம் கேட்டேன். "அக்கா, ஊதாப் புடவ கட்டிக்கினு ஒரு அம்மா வந்தாங்களா?"

"காலையிலேர்ந்து நூறு ஊதாப் புடவ போயிடுச்சும்மா. உங்க அம்மா எந்த ஊதா?"

ஊதா என்று காலையில் அம்மா போனில் சொன்னதுதான்; எந்த ஊதா என்று எனக்குத் தெரியவில்லை. கோப்பில் எந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன்.

அப்போதுதான் திரும்பி, தேர் நிற்கிற பக்கம் ஓடினேன். பழைய தகரம் போய், இப்போது தேரைச் சுற்றி ஆளுயரத்துக்கு இரும்புக் கம்பி. கம்பியை இரண்டு கையாலும் பிடித்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு அம்மா நின்றிருந்தாள்.

"எம்மா!"

திரும்பவில்லை. "நல்லா ஊரு சுத்துனியாடி?" என்றாள்.

போன் ஏன் எடுக்கவில்லை என்று கத்தினேன். அது செத்துப்போச்சு என்று மடியிலிருந்து எடுத்துக் காட்டினாள். "போர்டாம் போர்டு. ஆட்டோக்காரனாண்ட பெரிய தேருன்னேன், வுட்டுட்டுப் போயிட்டான்." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "இது பெரிய தேருதானே கண்ணு? அப்பலேர்ந்து தடவிப் பாக்கறேன், கம்பிதான் கையில தட்டுது. சக்கரத்தக் காணோம்."

சக்கரம் உள்ளே இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கோடு, அதே கறுப்பு. கம்பிக்கு நடுவே தோள் இடிக்கும்வரை கையை விட்டுப் பார்த்தேன். எனக்கும் எட்டவில்லை.