அக்காவுக்கு வாங்கிய சப்வூஃபர்

எங்கள் வீட்டுக்கு ஹோம் தியேட்டர் வந்தது, வீட்டிலிருந்த நான்கு பேரில் காது கேட்காத ஒருத்திக்காக. இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிப்பார்கள். ஆம்பூரில் எங்கள் தெருவும் அப்போது சிரித்தது. ஒன்பது வயதிலிருந்த எனக்கும் அந்தச் சிரிப்பில் பங்கு உண்டு.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். சர்ச் கொயரில் பாடுவாள். கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகப் பாடப் போகும்போது அவள் எடுத்துக் கொடுத்தால்தான் மற்றவர்கள் தொடங்குவார்கள். பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. வேலூரில் ஆஸ்பத்திரியில் மூன்று வாரத்துக்கு மேல் கிடந்தாள். பிழைத்து வந்தாள், ஆனால் காய்ச்சல் போகும்போது இரண்டு காதையும் கொண்டுபோய்விட்டது. காதுக்குள்ளே ஒரு கருவி பொருத்தலாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்து, உள்ளே எலும்பு வளர்ந்து அடைத்துக்கொண்டது, இனி பொருத்த முடியாது என்றார்கள்.

அவள் பிழைத்ததற்காகச் சர்ச்சில் ஸ்தோத்திர ஜெபம் வைத்தார்கள். அக்கா முன்வரிசையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுந்தபோது எழுந்து, அவர்கள் உட்கார்ந்த பிறகு உட்கார்ந்தாள். பாட்டு முடிந்ததைப் பக்கத்திலிருந்தவர்கள் வாயைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதற்குப் பிறகு சர்ச்சுக்கு வர மறுத்துவிட்டாள். பள்ளிக்கூடமும் நின்றது. அவளால் பேச முடியும். ஆனால் தன் குரல் தனக்கே கேட்காததால் சில சமயம் கத்துவாள், சில சமயம் உதடு மட்டும் அசையும். நாங்கள் சொல்ல வேண்டியதை ஒரு நோட்டில் எழுதிக் காட்டுவோம். அம்மாவும் அப்பாவும் வேலை விட்டு வந்ததும் அந்த நோட்டைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். என் ஹோம்வொர்க் நோட்டை யாரும் கேட்பதில்லை என்பது எனக்கு ஒரு பெரிய குறையாக இருந்தது.

அந்த வருஷம் பள்ளிகொண்டாவில் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் ஆள் உயரத்துக்குப் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு அந்த இடத்தைக் கடந்தபோது, அக்கா மட்டும் அங்கேயே நின்றுவிட்டாள். கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாள். அப்பா திரும்பிப் போய் அவள் தோளைத் தொட்டார்.

"அப்பா, பாட்டு இங்க அடிக்குதுப்பா" என்றாள். மண்டபமே திரும்பிப் பார்க்கும்படியான குரலில் சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். காய்ச்சலுக்குப் பிறகு அவள் சிரித்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். அப்பா அந்தப் பெட்டிகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பந்தியில் உட்கார்ந்தபோதுகூட அவருக்குச் சாப்பாட்டில் கவனம் இல்லை.

அப்பா ஒரு ஷூ ஃபேக்டரியில் மெஷின் ஃபிட்டர். எந்த மெஷின் எப்படி அதிரும், எங்கே ரப்பர் வைத்தால் அதிர்வு நிற்கும் என்பதெல்லாம் அவருக்குக் கைவந்த விஷயம். அதிர்வை நிறுத்துவதே அதுவரை அவர் வேலையாக இருந்தது. இப்போது அதை வீட்டுக்குக் கொண்டுவரக் கிளம்பினார். அம்மாவுக்குச் சம்மதமில்லை.

"காது போன பொண்ணுக்குப் பாட்டுப் பெட்டி வாங்கினு வந்தா, அவளுக்கு வேடிக்கையா இருக்குமா, வேதனையா இருக்குமா?" என்று கேட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அப்பா அக்காவையும் என்னையும் டிவிஎஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பஜாருக்குப் போனார்.

ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும் தானே அசெம்பிள் செய்து விற்கும் ஒரு பாய் கடை அங்கே இருந்தது. பாய்க்குத் தன் தொழிலைப் பற்றிப் பேசப் பிடிக்கும். அப்பாவிடம் வீடு எத்தனை அடிக்கு எத்தனை அடி என்று கேட்டார். அந்த ரூமில் அடிச்சத்தத்துக்கு எட்டு இஞ்ச் சப்வூஃபர் பெட்டி தாராளம், பத்து இஞ்ச் வைத்தால் பாஸ் ஜாஸ்தியாகி வார்த்தையே புரியாது, பாட்டு கேட்பவர்கள் எப்போதும் கம்மியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விளக்கிக்கொண்டே போனார். அப்பா அவரை நிறுத்தி, கேட்கப் போவது இவள்தான், இவளுக்குக் காது கேட்காது என்று சொன்னார். பாய் அக்காவைப் பார்த்தார். பிறகு, ஓடிக்கொண்டிருந்த பாட்டில் மேல் சுருதியையெல்லாம் குறைத்து, அடிச்சத்தத்தை மட்டும் ஏற்றினார்.

அக்கா ஒவ்வொரு பெட்டியாகத் தொட்டுக்கொண்டு போனாள். கலர் லைட் போட்ட பளபளப்பான பெட்டிதான் எனக்குப் பிடித்திருந்தது. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கை கூசுகிறது, உள்ளே வரவில்லை என்றாள். இன்னொன்றின் ஓட்டையில் கையை வைத்து, வெறும் காற்றுதான் வருகிறது என்றாள். கடையின் மூலையில் தடித்த பிளைவுட்டில் செய்த ஒரு கறுப்புப் பெட்டி, மேலே சாமான்களோடு கிடந்தது. சோளிங்கரில் யாரோ ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கிப் போக வரவே இல்லையாம். பாய் சாமான்களை இறக்கிவிட்டு ஒயரை மாற்றினார். அக்கா அந்தப் பெட்டியைக் கட்டிப்பிடித்ததுபோல அதன்மேல் சாய்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, அவள் விரல் பெட்டியின்மேல் சரியான தாளத்தில் தட்ட ஆரம்பித்தது.

"இது பத்து இஞ்ச்ணே, ரூமுக்கு ஜாஸ்திதான்" என்றார் பாய். "ஆனா பொண்ணு சொல்றதுதான் கரெக்டு. எடுத்துனு போங்க."

வீட்டில் அதைப் பொருத்தும் வேலை அன்று சாயங்காலம் வரை நடந்தது. முதலில் சுவர் மூலையில் வைத்தார்கள். வீடே அதிர்ந்தது, அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன, ஆனால் அக்கா, எதுவும் தெளிவாக இல்லை, எல்லாம் ஒரே குழப்பம் என்றாள். பாய் ஒரு வழி சொல்லி அனுப்பியிருந்தார். நாம் உட்காரும் இடத்தில் பெட்டியை வைத்துவிட்டு, நாம் அறை முழுக்கத் தவழ்ந்து போய்ப் பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நன்றாக இருக்கிறதோ அங்கே பெட்டியைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். காதால் கேட்பவர்களுக்கான வழி அது. அக்கா கையால் கேட்டாள். பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு, அறையெங்கும் தவழ்ந்து, சுவரிலும் தரையிலும் கையை வைத்து வைத்துப் பார்த்தாள். அவள் நின்ற இடங்களில் சாக்பீஸால் குறி போடுவது என் வேலை. ஜன்னலுக்குக் கீழே ஒரு இடத்தை அவள் காட்டினாள்.

சிமெண்ட் தரை சத்தத்தைத் தின்றுவிடுகிறது என்று அப்பா கண்டுபிடித்தார். மறுநாள் ஃபேக்டரியிலிருந்து வரும்போது ஒரு பிளைவுட் பலகை வாங்கி வந்து, நான்கு மூலையிலும் ரப்பர் துண்டு வைத்துத் தரையில் போட்டார். பெட்டியை அதன் ஓரத்தில் ஏற்றி வைத்தார். அக்கா பலகையில் மல்லாந்து படுத்தாள். அப்பா அவளுக்குத் தெரிந்த ஒரு பாட்டைப் போட்டார். அவள் அசையாமல் படுத்திருந்தாள். பிறகு உதட்டை அசைத்துப் பாடினாள். வேறு ஏதோ சுருதி, வேறு ஏதோ குரல். ஆனால் வார்த்தைகள் பாட்டோடு சரியாகப் போய்க்கொண்டிருந்தன. அம்மா அடுக்களைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு தினமும் அக்கா அந்தப் பலகையில் படுத்திருந்தாள். தட்டெல்லாம் ஆடுகிறது என்று பக்கத்து வீட்டு ஆன்ட்டி சண்டைக்கு வந்தார். வாசலிலிருந்தே அக்காவைப் பார்த்துவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல் திரும்பிப் போனார். எனக்குத்தான் கஷ்டம். குடத்துக்குள் யாரோ குத்துவதுபோல அந்தச் சத்தம் ஹாலை நிறைத்துக்கொண்டது. பாடுவது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது. ஹாலில் பாதியைப் பலகை பிடித்துக்கொண்டதில் எனக்கு விளையாடவும் இடமில்லை.

பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா வந்தது. ஒரு பழைய கிராமத்துப் பாட்டுக்கு ஆடும் எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. எந்த வார்த்தைக்கு எந்தக் காலை எடுத்துவைக்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். வீட்டில் பயிற்சி செய்தால் வார்த்தையே கேட்காது. அப்பாவிடம் சொன்னேன். ஒரு வாரம் பொறுத்துக்கோ பாப்பா என்றார். விழாவே அந்த வாரம்தான்.

ஒரு சனிக்கிழமை மதியம். அப்பா ஓவர்டைமுக்குப் போயிருந்தார். அம்மா அரைநாள் வேலை முடிந்து வந்து அடுக்களையில் இருந்தாள். அக்கா பலகையில் படுத்திருந்தாள். டீச்சரிடம் வாங்கி வந்த பென்டிரைவைச் செருகி என் பாட்டைப் போட்டேன். வழக்கம்போலக் குத்துச் சத்தம் மட்டும் வந்தது. ஆம்ப்ளிஃபயர் அக்காவின் தலைமாட்டுக்குப் பின்னால் ஸ்டூலில் இருந்தது. பெட்டிக்குக் கரண்ட் தனி ஒயரில் வரும், பாட்டு தனி ஒயரில் போகும். ஒயர் பிடிக்க என்னைத்தான் நிறுத்தியிருந்தார்கள் என்பதால் எது எது என்று எனக்குத் தெரியும். பாட்டு போகும் ஒயரை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உருவிவிட்டேன். பெட்டியின் நீல விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருந்தது. பெட்டியோடு வந்து சுவரில் மேலே மாட்டியிருந்த சின்ன ஸ்பீக்கர்களில் பாட்டு கண்ணாடிபோலத் தெளிவாக வந்தது. நான் ஆட ஆரம்பித்தேன்.

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் சின்ன வயதில் கேட்ட பாட்டாம். கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, பாட்டோடு சேர்ந்து பாடினாள். அந்த வீட்டில் அம்மா பாடி மாதக்கணக்காகியிருந்தது.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். என் கால்களைப் பார்த்தாள். அம்மாவின் வாயைப் பார்த்தாள். நீல விளக்கைப் பார்த்தாள். உள்ளங்கையைப் பெட்டியின்மேல் வைத்தாள். எடுத்துப் பாவாடையில் துடைத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். பிறகு கன்னத்தை வைத்துப் பார்த்தாள். எங்கள் இருவரையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து உள்ளறைக்குப் போனாள்.

எனக்கு ஆட இடம் விட்டுப் போகிறாள் என்று நினைத்தேன். அவள்மேல் அன்பாகக்கூட இருந்தது. பலகையின்மேல் ஏறி ஆடினால் கால் சத்தம் நன்றாக வரும் என்று அதன்மேல் ஏறி முழுப் பாட்டுக்கும் ஆடினேன். அப்பா வருவதற்குள் ஒயரைப் பழையபடி செருகிவிட்டேன். யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சாயங்காலம் அப்பா வந்து பாட்டைப் போட்டு, அக்காவைக் கையசைத்துக் கூப்பிட்டார். அவள் வரவில்லை. தலை வலிக்கிறது என்றாள். மறுநாளும் தலைவலி. மூன்றாம் நாள் அப்பா அவள் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வரப் பார்த்தார். அவள் கையை உதறிவிட்டு, "எனக்கு வேணாம்பா, எடுத்துடுங்க" என்று கத்தினாள். அப்பா பாட்டைப் போடும்போதெல்லாம் எழுந்து பின்பக்கம் போய்த் துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்துகொள்வாள்.

அப்பா பெட்டியை நகர்த்தி வைத்துப் பார்த்தார். ரப்பரை மாற்றிப் பார்த்தார். பாய் கடைக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். அம்மா ஒரு நாள், நான் அப்பவே சொன்னேன் என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, நான்தான் அவள கஷ்டப்படுத்திட்டேன்" என்றார். அடுத்த மாதம் காட்பாடியிலிருந்து ஒருவர் வந்து விலை பேசி எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஹால் பெரிதானதில் நான் சந்தோஷப்பட்டேன்.

பதினெட்டு வயதானதும் அக்காவும் ஷூ ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். சேர்ந்து சில வருஷம் கழித்து, நான் காலேஜ் விடுதியிலிருந்து லீவுக்கு வந்திருந்தபோது, பக்கத்தில் வந்து உட்கார்ந்து போனில் டைப் செய்து காட்டினாள். முதல் நாள் வேலைக்குப் போனபோது தோல் வெட்டும் பிரஸ் பக்கத்தில் நின்றாளாம். ஒவ்வொரு அடியும் பாதத்திலிருந்து நெஞ்சுவரை ஏறியதாம். இது வருகிறதே, அப்படியானால் அன்று ஏன் வரவில்லை என்று எழுதியிருந்தாள். காதைப்போல அதுவும் போய்விட்டது என்று நினைத்ததாகவும், அதை அப்பாவிடம் சொல்ல மனம் வரவில்லை என்றும், மறுபடி தொட்டுப் பார்க்கப் பயந்துகொண்டே இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டதாகவும் எழுதியிருந்தாள்.

நான் போனை வாங்கி, ஒயரை உருவியது நான்தான் என்று டைப் செய்தேன். அவள் அதை நிறைய நேரம் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் போனைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்கு அம்மா பாடுனாங்களே, நல்லா பாடுனாங்களா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்குத் தெரியவில்லை. பாட்டு அத்தனை தெளிவாகக் கேட்ட அந்த மதியத்தில், நான் என் கால்களைத்தான் கவனித்துக்கொண்டிருந்தேன்.