சீலிங்கில் ஒரு சோடியம்

ஈஜிபுராவில் நாங்கள் குடிபோன வீட்டில் உள்ளறைக்கு ஜன்னல் கிடையாது. முதல் நாள் சாயங்காலம் விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். சீலிங்கில் பச்சைப் புள்ளிகள். நடுவில் இரண்டு, அவற்றைச் சுற்றி எட்டு, எல்லாவற்றையும் விட்டு விலகிக் கதவுப் பக்கம் ஒன்றே ஒன்று. கண் சிமிட்டாமல் என்னையே பார்த்தன. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள்.

பி.யூ.சி. படித்துக்கொண்டிருந்த அக்கா அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள். "பேயுமில்ல பிசாசுமில்லடி. இது சோடியம். அதோட எலக்ட்ரான் இப்படித்தான் அடுக்கடுக்கா இருக்கும். படிக்கிறதுக்காக யாரோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க."

அந்த ஒன்று மட்டும் ஏன் தனியாக என்று கேட்டேன்.

"உள்ள இடமில்ல. வெளியில இருக்கிறதுக்குப் பிடிப்பு கம்மி. யாராவது இழுத்தா போயிடும்."

பயம் தெளியவில்லை, கூடியது. யார் இழுப்பார்கள்? பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லாம் மங்கின. விளக்கு வெளிச்சம் பட்டால்தான் மறுபடி மினுங்கும் என்றாள் அக்கா. சுரண்டி எடுத்துவிடலாம் என்றாள் அம்மா.

அதற்குள் ஒரு ஞாயிறு மத்தியானம், எங்களுக்கு முன் அங்கே குடியிருந்த அம்மாள் வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார். "உள்ள லைட் ஆஃப் பண்ணிட்டு கொஞ்ச நேரம் உட்காரட்டுமா? என் பொண்ணு ஒட்டினது."

பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று அம்மா கேட்டுவிட்டாள்.

"பரீட்சை எழுதல. அதுக்குள்ள ஜுரம் வந்து..."

மேலே கேட்காமல் அம்மா அவரை உள்ளே அழைத்துப்போய், நாங்களும் நுழைந்ததும் விளக்கை அணைத்துக் கதவைச் சாத்தினாள். இருட்டில் அவர் சீலிங்கைப் பார்த்து, "ஊட்டா ஆய்த்தா, புட்டி?" என்றார். சாப்பிட்டாச்சா கண்ணு என்று கன்னடத்தில் கேட்கிறார். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நாங்களும் மூச்சுவிடாமல் காத்திருந்தோம். அம்மாவின் விரல்கள் என் தோளை அழுத்தின. கதவுப் பக்கத்துப் புள்ளி லேசாக அசைந்தது போலிருந்தது. யாரோ ஏதோ சொல்லி முடித்தாற்போல், "சரி, சரி" என்று அவர் எழுந்தார்.

அதன்பின் ஞாயிறுதோறும் வந்தார். அம்மா சுரண்டும் பேச்சையே எடுக்கவில்லை. மாறாக, ஞாயிறு காலையிலேயே அந்த அறையின் விளக்கைப் போட்டு வைப்பாள். யாராவது அணைத்தால் திட்டு விழும். அம்மாவுக்கும் அந்த இருட்டைக் கண்டால் பயம் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.