ஜன்னலின் அசல் நிறம்

லேக் மார்க்கெட் வீட்டில் அம்மாவின் கட்டிலருகே உள்ள மர ஜன்னல் உளுத்துவிட்டது. மழை பெய்தால் படுக்கை நனைகிறது. அதை மாற்ற அனுமதி கேட்டு நான் எழுதியது மூன்றாவது விண்ணப்பம். பாரம்பரியக் கட்டடக் குழுவின் வங்காளி அதிகாரி இன்று வந்து மேல் பெயின்ட்டைச் சுரண்டினார்; அடியில் பச்சை தெரிந்தது. பழைய எண்ணெய் வாடை எழுந்தது.

அந்த வாடையை முதலில் முகர்ந்தபோது எனக்கு ஏழு வயது. கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா, கப்பலுக்கு அடித்து மிஞ்சிய பச்சை பெயின்ட்டைக் கொண்டுவந்து, பழுப்பாக இருந்த ஜன்னல்களுக்குப் பூசினார்.

"வீடென்ன மிதக்கவா போறது?" என்றாள் அம்மா.

"மழைக்காலத்துல இந்தத் தெருவுல வேறென்ன பண்ணும்?" என்றார் அப்பா.

அதிகாரி எழுதிக்கொண்டார். "இந்தப் பச்சைதான் அசல். இந்த ஜன்னலை மாத்தக் கூடாது."

"அப்பா அடிச்சது சார்!"

"டாக்குமென்ட் இருக்கா தாதா?" என்று, அண்ணா என அழைக்கும் வங்காளி வழக்கில் கேட்டார்.

அம்மா கட்டிலிலிருந்து சொன்னாள்: "என்னையும் அசல்னு எழுதிக்கச் சொல்லுடா. அப்பவாவது நனையாம வெப்பா."