சமையலறையில் நடக்காத விபத்து

என் அக்காவின் இடது கை ஆள்காட்டி விரலில் நகமும் இல்லை, நகத்துக்கு அடியில் இருந்த எலும்பும் இல்லை. அது எப்படிப் போனது என்று மருத்துவமனைப் பதிவேட்டில் ஒரு வரி எழுதியிருந்தார்கள்: "வீட்டில் காய் நறுக்கும்போது ஏற்பட்ட வெட்டு." விரல் போன வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவள், அந்த வரியைப் படித்ததும் கட்டிலை விட்டு எழுந்துவிட்டாள். எனக்கும் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் காய் நறுக்கிப் பார்த்த யாருக்கும் வரும்.

அக்கா வேலை பார்த்தது காய்கறிகளை நறுக்கி, பாக்கெட் போட்டுக் கடைகளுக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில். பதினான்கு வருடம். ஆரம்பத்தில் அங்கே எல்லாம் கை வேலைதான். அவள் நறுக்கிய கேரட் வில்லைகளை அடுக்கி வைத்தால் ஒன்றுக்கொன்று முடியளவு வித்தியாசம் இருக்காது. அதனால் "ஸ்கேல்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிறகு மெஷின்கள் வந்தன. பெயர் மட்டும் போகவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கட்டிடத்தில் குடியிருக்கிறோம். அவள் மூன்றாவது மாடி, நான் இரண்டாவது. காலை ஆறு மணிக்கு அவளுடைய கத்திச் சத்தம் என் தலைக்கு மேலே கேட்க ஆரம்பிக்கும். டக் டக் டக் என்று நடுவில் நிற்காமல் போகும். அவள் சமையல் ஒன்றும் பெரிய சமையல் இல்லை. காலையில் ரொட்டி, தக்காளி, வெள்ளரிக்காய், அவித்த முட்டை. இரவில் சோறும் உருளைக்கிழங்கும், இல்லையென்றால் காய் போட்ட சூப். ஆனால் அந்த எளிய சாப்பாட்டுக்கு அவள் வைத்திருந்த சட்டதிட்டம் கொஞ்சமா? பலகைக்கு அடியில் ஈரத்துணி விரிக்க வேண்டும், இல்லாவிட்டால் பலகை நகரும். தக்காளியைச் சாப்பிட உட்காரும்போதுதான் நறுக்க வேண்டும். உருளைக்கிழங்கு வில்லைகளை இரண்டு தண்ணீரில் அலசித் துணியில் ஒற்றி எடுக்காமல் எண்ணெயில் போடக் கூடாது. முட்டையைக் கத்தியால் தொடவே மாட்டாள். நூலை இரண்டு கையிலும் இழுத்துப் பிடித்து வெட்டுவாள், மஞ்சள் கரு சிதறாது.

என் சமையலறைக்கு வந்தால் அவளுக்குப் பொறுக்காது. "உருளைக்கிழங்கு நறுக்குறியா, செங்கல் உடைக்கிறியா?" என்று கத்தியைப் பிடுங்கிக்கொள்வாள். இத்தனை வருடத்தில் வீட்டில் அவள் கையில் ஒரு கீறல்கூட விழுந்து நான் பார்த்ததில்லை.

நடந்தது இதுதான். கம்பெனி மெஷினில் பிளேடுக்கு முன்னால் ஒரு இரும்பு மூடி இருக்கும். கை உள்ளே போகாமல் தடுப்பதற்கு. ஈரமான கிழங்கு அந்த மூடியில் அடிக்கடி சிக்கி மெஷின் நின்றுகொண்டிருந்தது. மெஷின் நின்றால் அன்றைய பாக்கெட் குறையும். சூப்பர்வைசர் ஆளைக் கூப்பிட்டு மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னார். "ஒரு வாரம்தான், புதுசு வந்துடும்" என்றார். அந்த ஒரு வாரம் ஐந்து மாதம் ஆனது. அக்கா இரண்டு தடவை போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"சார், மூடி இல்லாம கையக் கிட்ட கொண்டுபோகவே பயமா இருக்கு."

"ஸ்கேலுக்கே பயமா? பதினாலு வருஷ கை அது. போங்க, போங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி. வலது கையால் கூடையிலிருந்து கிழங்கை எடுத்து, இடது கையால் உள்ளே தள்ளுவதுதான் அங்கே வழக்கம். பிளந்த கிழங்கு ஒன்று குறுக்கே சிக்கியது. தள்ளிய விரல் அதோடு சேர்ந்து போய்விட்டது. வலது கையால் சிவப்புப் பொத்தானை அடித்து மெஷினை நிறுத்தியதும் அவள்தான். பக்கத்தில் நின்றவர்கள் அலறத்தான் செய்தார்கள். நிறுத்திவிட்டுத்தான் மயங்கி விழுந்தாள்.

அக்கா கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவர் அதே கம்பெனியில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் வேனில் போட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். முன் சீட்டில் சூப்பர்வைசரும் ஏறிக்கொண்டார். போகிற வழியில் என்ன பேசினார்கள் என்பது அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது.

நான்காம் நாள் வீட்டுக்குப் போகலாம் என்று ஒரு தாளைக் கொடுத்தார்கள். அதில்தான் அந்த வரி. அக்கா இரண்டு முறை படித்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள்.

"இத யாரு சொன்னது?"

மாமா மாத்திரை அட்டையைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார். நிமிரவே இல்லை.

"உங்களத்தான் கேக்குறேன். வீட்ல நறுக்குனேன்னு யாரு சொன்னது?"

"எங்க நடந்தா என்ன? விரல் திரும்ப வரப்போகுதா?"

"நீங்களா சொன்னீங்க?"

"வேன்ல சூப்பர்வைசர் கெஞ்சினாரு. கேஸு அது இதுன்னு போனா மொதல்ல என் வேலதான் போகும்னாரு. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா என்ன பண்றது?"

"நான் மயக்கத்துல கெடந்தேன்," என்றாள் அக்கா. "நான் மயக்கத்துல கெடக்குறப்போ, எனக்கு நறுக்கத் தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க."

அன்றிலிருந்து அவள் அவரோடு பேசுவதை நிறுத்தினாள். வீட்டுக்கு வந்த மறுநாளே என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தொழிலாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். அவள் சொல்லச் சொல்ல நான் எழுதவில்லை, அவளே எழுதினாள். தாள் நகராமல் பிடித்துக்கொள்வதுதான் என் வேலை.

மாமா கெட்டவர் இல்லை. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். குடி கிடையாது, கைநீட்டல் கிடையாது. பயந்தவர். ஆனால் பயந்தவர் சொன்ன பொய்யும் பொய்தானே? எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. என்னைக் கண்டால் "நீயாவது எடுத்துச் சொல்லும்மா" என்பார். நான் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அந்த நாட்களில் அக்கா வீட்டில் நானும் மாமாவும்தான் மாறி மாறிச் சமைத்தோம். மாமா நறுக்கினால் தக்காளி கூழாகும். வெள்ளரிக்காய் ஒரு பக்கம் விரல் கனம், மறுபக்கம் காகிதம். அக்கா கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். அவரைத் திட்டினால் பேசியதாகிவிடும் அல்லவா? அதனால் என்னைத் திட்டுவாள். "ஏண்டி, ரொட்டிய இப்படியா அமுக்குறது? அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்பாள். ரொட்டியை அமுக்கியவர் மாமா.

இரண்டாவது வாரம் ஒரு நாள் உப்பு டப்பாவைத் தேடி மேல் அலமாரியைத் திறந்தாள். உள்ளே ஒரு சிப்ஸ் கட்டை இருந்தது. நடுவில் பிளேடு பதித்த பிளாஸ்டிக் பலகை, கிழங்கை மேலே வைத்துத் தேய்த்தால் கீழே வில்லையாக விழுமே, அது. புத்தம் புதிது. விலைச் சீட்டைச் சுரண்டி எடுத்த இடத்தில் பசை இன்னும் ஒட்டியது.

"இது என்னடி?" என்றாள் என்னிடம்.

"நான் வாங்கலக்கா."

நாங்கள் இருவரும் மாமாவைப் பார்த்தோம்.

"சூப்பர்வைசர் குடுத்தாரு," என்றார். "ஆபீஸ்லேர்ந்து விசாரிக்க வருவாங்களாம். சும்மா அலமாரியில வச்சிருந்தா போதும்னாரு."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசப் போனேன். அக்கா என் கையைப் பிடித்தாள். அந்தப் பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது, வலித்தது.

"வீசாத. எடுத்த எடத்துலயே வை. வரட்டும்."

அடுத்த சனிக்கிழமை காலை தொழிற்சாலை ஆய்வாளர் வந்தார். ஐம்பது வயது இருக்கும், கண்ணாடி போட்ட பெண்மணி, மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கியது. கூடவே கம்பெனி சார்பில் சூப்பர்வைசரும் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் ஒரு பை ஆப்பிள், நோயாளியைப் பார்க்க வந்தவர் மாதிரி. அக்கா அந்தப் பையை வாங்கவில்லை. அவரே மேசைமேல் வைத்தார்.

ஆய்வாளர் சமையலறையைப் பார்த்தார். கத்தியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். சூப்பர்வைசர் அதற்குள் மேல் அலமாரியைத் திறந்துவிட்டார். அக்கா வீட்டு அலமாரியில் எது எங்கே இருக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆய்வாளரும் அதைக் கவனித்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"இத பாருங்க மேடம். இந்த மாதிரி சாமான்தான் வீட்டுக்கு வீடு விரலக் காவு வாங்குது. அவங்களும் பாவம், அவசரத்துல..."

"சார்," என்றாள் அக்கா. "ஒரு கெழங்கு சீவிக் காட்டுங்க."

"நானா?" அவர் சிரித்தார்.

"காட்டுங்களேன்," என்றார் ஆய்வாளர்.

அக்கா கூடையிலிருந்து ஒரு உருளைக்கிழங்கை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர் இடது கையால் கட்டையின் பிடியைப் பிடித்தார். வலது கையில் கிழங்கை வைத்து ஒரு தேய், இரண்டு தேய். வில்லைகள் மேடையில் விழுந்தன.

"நிறுத்துங்க. கைய எடுக்காதீங்க, அப்படியே இருங்க." அக்காவின் குரல் உயர்ந்துவிட்டது. "மேடம், கெழங்கு எந்தக் கையில இருக்கு?"

"வலது கையில."

அக்கா கட்டுப் போட்ட இடது கையை ஆய்வாளர் முகத்துக்கு நேரே தூக்கினாள்.

"எனக்குப் போனது இது."

சூப்பர்வைசர் கட்டையை மேடைமேல் வைத்தார். "அவங்களுக்கு எடது கைப் பழக்கமா இருக்கலாம் மேடம்," என்றார். பதினான்கு வருடம் அவளை வேலை வாங்கியவர்!

ஆய்வாளர் திரும்பி வாசலில் நின்ற மாமாவைப் பார்த்தார். "உங்க மனைவிக்கு எந்தக் கைப் பழக்கம்?"

மாமா சூப்பர்வைசரை ஒரு தடவை பார்த்தார், அக்காவை ஒரு தடவை பார்த்தார். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. மேடையில் விழுந்து கிடந்த வில்லைகளை ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

"வலது கை மேடம்," என்றார். பிறகு மடை திறந்த மாதிரி வந்துவிட்டது. "வீட்ல நடக்கல. மெஷின்லதான். மூடி கழட்டி அஞ்சு மாசம் ஆச்சு. நான்தான் ஆஸ்பத்திரியில பொய் சொன்னேன். இந்தக் கட்டயும் எங்களது இல்ல, இவருதான் குடுத்தாரு."

ஆய்வாளர் அதை அங்கேயே எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினார். சிப்ஸ் கட்டையை ஒரு உறையில் போட்டுக்கொண்டார். சூப்பர்வைசர் படி இறங்கினார். அக்கா ஆப்பிள் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், "சார், மறந்துட்டீங்க" என்று அவர் கையில் திணித்துவிட்டு வந்தாள்.

அவர்கள் போன பிறகு மாமா நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சொல்லிட்டேன்ல," என்றார். ஏதோ பரிசு எதிர்பார்த்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அக்கா அவரோடு பேசிப் பதினைந்து நாள் ஆகியிருந்தது. "அவன் மாட்டுன அப்புறம் சொன்னீங்க. முன்னாடியே சொல்லியிருந்தா உங்களுக்கு நான் சமைச்சுப் போட்டதுக்கு ஒரு அர்த்தம் இருந்திருக்கும்," என்றாள்.

ஒரு வாரத்தில் நான்கு மெஷின்களிலும் மூடி வந்தது. ஐந்து மாதமாக வராதது ஒரு வாரத்தில் எங்கிருந்து வந்தது என்று அக்கா கேட்டாள். மருத்துவமனைப் பதிவேட்டில் அந்த வரியை அடித்து, "பணியிடத்தில், இயந்திரத்தில்" என்று எழுதிக் கொடுத்தார்கள். சூப்பர்வைசரை வேலையை விட்டு நீக்கவில்லை. அதே கம்பெனியின் வேறு கிளைக்கு, அதே பதவியில் மாற்றினார்கள். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. அங்கேயும் மெஷின் இருக்கும், அங்கேயும் யாராவது ஒருத்தி இடது கையால் கிழங்கைத் தள்ளிக்கொண்டிருப்பாள். மாமாவை இரண்டு மாதம் கழித்து ஆள் அதிகம் என்று நிறுத்திவிட்டார்கள். அவர் பயந்தது நடந்துவிட்டது. இப்போது ஒரு பேக்கரிக்கு வண்டி ஓட்டுகிறார். அக்காவை நறுக்கும் பகுதியிலிருந்து பாக்கெட் ஒட்டும் மேசைக்கு மாற்றினார்கள்.

காயம் ஆறியதும் அவள் முதலில் செய்தது கத்தியை எடுத்ததுதான். காயைப் பிடிக்கும் கை இடது கை. ஆள்காட்டி விரல் நுனி இல்லாமல் காய் உருண்டது. நடு விரலை மடக்கி, மொட்டை விரலை ஓரமாக ஒதுக்கி, புதிதாகப் பழக வேண்டியிருந்தது. மேல் மாடிச் சத்தம் டக் என்று வரும், நிற்கும், மறுபடி டக் என்று வரும். ஒரு நாள் வெள்ளரிக்காய் வில்லைகள் கோணல் மாணலாக வந்த ஆத்திரத்தில் தட்டோடு தொட்டியில் கவிழ்த்துவிட்டாள். மாமா ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவித் தின்றார். அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள், இரக்கப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

போன வாரம் சாயங்காலம் என்னைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சோறு, பொரித்த உருளைக்கிழங்கு, மாமா பேக்கரியிலிருந்து கொண்டுவந்த ரொட்டி. கிழங்கு வில்லைகள் ஓரளவு ஒரே கனத்தில் இருந்தன. நான் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

"பரிச்ச வைக்காத, தின்னு," என்றாள்.

மாமா கை கழுவப் போயிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "கோவம் தீர்ந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"யாரு மேல?"

"மாமா மேலதான்."

அவள் கரண்டியால் சோற்றைக் கிளறினாள். மாமாவின் தட்டில் முதலில் போட்டாள், என் தட்டில் அடுத்தது.

"அதுக்கு இன்னும் நெறைய நாள் இருக்கு," என்றாள். "நீ தண்ணி எடுத்து வை."