கௌரிசங்கரின் வண்டியும் பிருந்தாவின் முக்காலியும்

வளைகுடாவில், முவைலா என்ற பகுதியில் எங்கள் எதிர் ஃபிளாட்காரர் கௌரிசங்கர் ஒரு பெரிய ஆஃப்ரோடு வண்டி வாங்கினார். கோயம்புத்தூர்க்காரர், இன்ஜினியர். மலை, மணல் எதிலும் போகும், சீட் சோபா மாதிரி, உள்ளே உட்கார்ந்தால் வெளியே நடக்கும் சத்தமே கேட்காது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அளந்தார். எல்லாம் உண்மைதான். பெட்ரோலை மடக் மடக்கென்று குடிக்கும், எங்கள் பேஸ்மென்ட் பார்க்கிங்குக்குள் நுழையாது என்பதும் உண்மை. பெரிய குறை, அவர் மனைவி பிருந்தாவால் அதில் ஏற முடியாது. ஐந்தடிகூட இல்லாதவர். டிக்கியிலிருந்து பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துப் போட்டுத்தான் ஏறுவார். மால் வாசலில் நாலு பேர் பார்க்க அப்படி ஏறினால் யாருக்குத்தான் மானம் போகாது?

விற்றே ஆகவேண்டும் என்று பிருந்தா பிடிவாதமாக நின்றார்.

“ஒரே ஒருக்கா பாலைவனத்துக்கு வந்து பாரு. அப்பவும் புடிக்கலீன்னா வித்துப்போடறேன்” என்றார் கௌரிசங்கர். சாட்சிக்கு என்னையும் இழுத்துப்போனார்கள்.

வழியில் பெட்ரோல் பங்கில் கௌரிசங்கர் நான்கு டயர்களுக்கும் காற்றைக் கெட்டியாக அடித்தார். தூரப் பயணம் என்றால் நம் ஆட்கள் முதலில் செய்வது அதுதானே. பிருந்தா ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

“உனக்கு வண்டியப் பத்தி என்ன தெரியும்?” என்று அடக்கிவிட்டார். எனக்கு எரிச்சலாக வந்தது. லைசென்ஸ் இருந்தும் அந்தப் பெண்ணிடம் அவர் ஒரு நாளும் சாவியைக் கொடுத்ததில்லை.

முதல் மணல்மேட்டிலேயே சக்கரங்கள் புதைந்தன. மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கின. கௌரிசங்கரின் முகம் செத்துவிட்டது. வண்டி கைவிட்டுப் போனதாகவே நினைத்துவிட்டார், பாவம்.

“ஏங்க, மணல்ல போறதுக்குக் காத்தை இறக்கோணும். எங்க சஃபாரி ஆபீஸ்ல டிரைவருங்க தினமும் இதைத்தான் கத்தறாங்க. அதைச் சொல்லத்தான் அப்பவே வாயைத் தொறந்தேன்” என்றார் பிருந்தா. பாலைவனச் சுற்றுலா நடத்தும் கம்பெனியில்தான் அவருக்கு வேலை.

கொண்டையிலிருந்து ஹேர்பின்னை உருவி, ஒவ்வொரு டயரிலும் வால்வை அழுத்திக் காற்றை இறக்கினார். டயர்கள் மணலில் அகலமாகப் பரந்தன. பிறகு முக்காலியை டிரைவர் பக்கம் போட்டு ஏறி, சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். ரிவர்ஸில் மெதுவாக நகர்த்த, வண்டி வெளியே வந்துவிட்டது. அங்கே அவர் நிறுத்தவில்லை. அடுத்த மேட்டில் ஏற்றி இறக்கினார். வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது.

“விக்க வேண்டாங்க. வண்டி நல்லாத்தான் இருக்குது.”

கௌரிசங்கர் நிம்மதியாகச் சாவிக்குக் கை நீட்டினார். பிருந்தா கொடுக்கவில்லை.

இப்போதும் மால் வாசலில் முக்காலி போடுகிறார்கள். டிரைவர் பக்கம். போடுவது கௌரிசங்கர்.